சிறைக்கதவு திறந்தது, ஊர்க்கதவு திறந்ததா?

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒரு நாள் அந்திப்பொழுது. வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுக் கந்தோரைப் பூட்டப் புறப்பட்ட வேளையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவரை எனக்கு நன்கு தெரியும். 14 ஆண்டுகள் விளக்கமறியலிற் கழித்தவர். அவருடைய வழக்கின் சில தவணைகளுக்கு நானும் மன்றிற் சமுகமளித்ததுண்டு. அவருக்கெதிராக இருந்த ஒரே சான்று ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டதென மேல் நீதிமன்று கண்டு அவரை நிரபராதியென விடுவித்தது.

அவர் போன்றோரின் விடுதலைக்காகச் சந்திகள் தோறும் மேடையேறிப் பேசியவன் நான். மகஜர்கள் வரைந்தவன், உண்ணாவிரதப் பந்தல்களில் அமர்ந்தவன். ஆதலின் அவரை அன்போடு வரவேற்று அமரச் சொன்னேன்.

அன்று அவர் வந்தது வழக்கின் பொருட்டன்று. இரணைமடுக் குளத்தின் கீழ்த் தந்தையார் விட்டுச் சென்ற 2 ஏக்கர் வயல் அவருக்கு உண்டு. காலபோகத்திற்கு முன்னர் ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் வாங்கிவிட்டால் தம் வயலையும் உழுது, அயலார் வயலையும் கூலிக்கு உழுது பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். வங்கி கடன் தரச் சம்மதித்தது. ஆனால் இரண்டு பிணைகாரரைக் கேட்டது. ஒருவரை எவ்வாறோ தேடிவிட்டார். இரண்டாவது கையொப்பத்திற்கு என்னிடம் வந்திருந்தார்.

நான் தயங்கினேன். அவர் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவருடைய பத்திரத்தில் என் பெயர் ஏறினால் எவனாவது வந்து என்னை விசாரிப்பானோ, என் தொழிலுக்கு இடையூறு நேருமோ என்றெல்லாம் மனம் கணக்குப் பார்த்தது. “பார்ப்போம் தம்பி, அடுத்த கிழமை வாருங்கள்” என்றேன். அவர் எழுந்தார். கோபம் சிறிதுமின்றி அவர் சொன்ன சொற்கள் இவை: “ஐயா, நான் உள்ளே இருந்தபோது எல்லோரும் என் பெயரைச் சொல்லிப் பேசினீர்கள். வெளியே வந்த பின் என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுத எல்லோரும் பயப்படுகிறீர்கள்.”

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அந்தச் சொற்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. கைதிகளை விடுவிக்குமாறு அரசைக் கேட்கின்ற நாம், விடுவிக்கப்பட்டவர்களை ஏற்க ஆயத்தமாக இருக்கின்றோமா? இவ்வினாவுக்கு விடை கூறாதவரை நம் மேடைப் பேச்சு அரைப் பேச்சே.

இவர்கள் யாவர்?

விடுதலையாகி வந்தோர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இவர்களுள் மூன்று வகையினர் உளர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒருவரையொருவர் ஒத்தவரல்லர். இவ்வேறுபாட்டை அறியாமையாற் பல அநீதிகள் நிகழ்கின்றமையால் அதனை முதலில் விளக்குகின்றேன்.

முதல் வகையினர், ஆண்டுக்கணக்கில் விளக்கமறியலில் இருந்து, பின்னர் நிரபராதியென விடுவிக்கப்பட்டோர் அல்லது சட்டமா அதிபர் வழக்கை மீளப் பெற்றமையால் வெளிவந்தோர். இவர்கள்மீது எக்குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. மன்னார்ச் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை நாடறியும். 2020 மே மாதத்திற் கைதாகி, 2021 டிசெம்பரிற் பிணையில் வந்து, 2023 டிசெம்பரில் மேல் நீதிமன்றினால் விடுவிக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வழக்கின் நிழலிற் கழிந்த பின்னரே அவர் குற்றமற்றவர் என்பது எழுத்திலே வந்தது. இதனினும் பன்மடங்கு நெடுங்காலம் காத்திருந்தோர் எம்மிடையே பலர்.

இரண்டாம் வகையினர், குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டுத் தண்டனையை முடித்தோர் அல்லது மன்னிப்புப் பெற்றோர். 2021 யூனில் 16 பேரும், 2022 ஒக்டோபரில் 8 பேரும் சனாதிபதியின் மன்னிப்பினால் வெளிவந்தமை வாசகர் நினைவில் இருக்கும்.

மூன்றாம் வகையினர், 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது சரணடைந்தும் தடுக்கப்பட்டும் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டோர். ஏறத்தாழ 12,000 பேர் இவ்வாறு அனுப்பப்பட்டுக் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்நீதிமன்றிலும் குற்றஞ்சாட்டப்பட்டவரல்லர். ஆயினும் “புனர்வாழ்வு பெற்றவர்” என்ற சொல்லே ஒரு தீர்ப்பைப் போல அவர்களைப் பின்தொடர்கின்றது.

இரண்டாம் வகையினரைப் பற்றி ஒரு சொல். “குற்றவாளி என்று தீர்ப்பாயிற்றே” என்று கூறுவோர், அத்தீர்ப்பு எதன்மேற் கட்டப்பட்டது என்பதையும் நோக்கல் வேண்டும். நம் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பதில்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத உத்தியோகத்தரிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கலாம் என்றது; அது கட்டாயத்தினாற் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையை எதிரியின் தலையிலே சுமத்தியது. “தற்காலிக ஏற்பாடுகள்” என்று தன் பெயரிலேயே பொறித்துக்கொண்டு பிறந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022இன் திருத்தம் தடுப்புக் காவலின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்ததேயன்றி, வாக்குமூலம் பற்றிய விதியைத் தொடவில்லை. நல்லரத்தினம் சிங்கராசா என்பவர், தாம் வாசித்தறியாத சிங்களத்திற் பதியப்பட்ட வாக்குமூலத்தின்மீது 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லையென முடிவு கூறியது. 2006இல் நம் உயர் நீதிமன்று அம்முடிவுக்குச் செயல்வலு அளிக்க மறுத்தது. இப்படிப்பட்ட தீர்ப்பொன்றை நெற்றியிலே ஒட்டிக்கொண்டு ஒருவன் வெளியே வரும்போது, நாம் அதனை வேதவாக்காகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

காணியை விழுங்கிய பத்தாண்டுகள்

கமக்கார அன்பர்களுக்கு இவ்விடயம் உடனே விளங்கும். சிறையிலிருந்து மீள்பவன் முதலிலே தேடுவது தன் நிலத்தை. அந்நிலத்தில் வேறொருவர் வேலியடைத்துக் கிணறும் வெட்டியிருக்கக் காண்கின்றான்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுவது யாது? பிறன் காணியை 10 ஆண்டுகள் இடையீடின்றி, உரியவனுக்கு மாறாக, எவர் உரிமையையும் ஏற்காது ஆண்டவன் அதற்கு உரித்தாளியாகலாம். ஆயினும் வழக்கிட இயலாத நிலையில் இருப்போரை அச்சட்டம் மறந்துவிடவில்லை. பராயமடையாதோர், சித்த சுவாதீனமற்றோர், கடல் கடந்து சென்றோர் ஆகியோர்க்கு அந்தப் பத்தாண்டுக் கணக்கு ஓடத் தொடங்காமல் நிறுத்தி வைத்தது. இவ்விலக்குகளை வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் குறுகுறுக்கின்றது. கடல் கடந்து சென்றவனுக்குப் பாதுகாப்பு உண்டு. வெலிக்கடையிலோ பூசாவிலோ அநுராதபுரத்திலோ அடைபட்டவனின் பெயர் அப்பட்டியலில் இல்லை! இலண்டனில் இருப்பவன் ஓர் அற்றோர்ணித் தத்துவத்தை அனுப்பித் தன் காணியைக் காக்கலாம். கம்பிக்குள் இருப்பவனோ அடுத்த தவணைக்குத் தன்னைக் கொண்டுசெல்வார்களா என்பதையே அறியான். வழக்கிட இயலாமை யாருக்குப் பெரிது?

சட்டம் இயற்றியோர் சிறையாளனை எண்ணிப் பார்க்கவே முடியாதவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்து மனைவி தன் அசையாச் சொத்தைப் பராதீனம் செய்யக் கணவன் சம்மதம் வேண்டும் என்பது நம் தேசவழமை சார்ந்த விதி. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கணவன் நெடுநாள் மறியலில் இருந்தால் அச்சம்மதத்திற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம் என்று வழி செய்தது. மறியலில் இருப்பவனின் மனைவி காணியை விற்க வழி கண்ட சட்டம், மறியலில் இருப்பவன் தன் காணியைக் காக்க வழி காணவில்லை.

போரின் பின் 2016இல் ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே 1ஆம் நாள் முதல் 2009 மே 18ஆம் நாள் வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து அது நீக்கியது. நன்மையான சட்டமே. ஆனால் அது எழுதப்பட்டது, ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டினால் வழக்காட முடியாது போனோர் பொருட்டு. அரசின் காவலில் இருந்தமையால் வழக்காட முடியாது போனவனை அது பெயர் சொல்லிக் காக்கவில்லை. 2009 மேயின் பின்னரும் சிறையிற் கழிந்த ஆண்டுகளை அது தொடவுமில்லை.

எனினும் நம்பிக்கையை முற்றாக இழக்க வேண்டியதில்லை. காணியை ஆண்டவர் உடன்பிறந்தாராகவோ வேறு கூட்டுரித்தாளராகவோ இருப்பின், அவர் ஆட்சி எல்லாக் கூட்டுரித்தாளருக்குமான ஆட்சியென்றே சட்டம் கொள்ளும். 1911இல் கோமறைக் கழகம் வகுத்த இவ்விதி இன்றும் நிலைக்கின்றது. “அண்ணன் 15 வருடம் ஆண்டுவிட்டான், இனி ஒன்றும் இல்லை” என்று மனமுடைந்து ஊரைவிட்டுச் செல்வோரை நான் கண்டிருக்கின்றேன். அவர்கள் செல்வதற்கு முன் தம் உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டட்டும். அண்ணன்மார்க்கும் ஒரு சொல்: தம்பி மறியலில் இருந்த காலத்து விளைச்சலை நீங்கள் உண்டது குற்றமன்று, அவன் வந்து நிற்கையிற் படலையைச் சாத்துவதே குற்றம்.

வன்னியில் அனுமதிப்பத்திரக் காணிகளின் நிலை வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற காணியிற் குடியிருந்து பயிர் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. அதனை மீறினால் அறிவித்தல் கொடுத்துப் பத்திரத்தை இரத்துச் செய்யலாம். அரசே ஒருவனைப் பிடித்துவைத்துவிட்டு, “நீ ஏன் உன் காணியிற் குடியிருக்கவில்லை?” என்று அரசே கேட்கலாகாது. அத்தகைய அறிவித்தல் வந்தால் வாளாவிராது, மறியலில் இருந்தமைக்கான சிறைச்சாலைக் கடிதத்துடன் குறித்த நாளிற் பிரதேச செயலாளர் முன்னிலையிற் காரணம் காட்டுக.

வாக்கும் பாதுகாப்பும்

“மறியலுக்குப் போனவனுக்கு இனி வாக்கில்லை” என்று கிராமங்களிற் சொல்லப்படுகின்றது. சிலர் அதனை நம்பி வாக்காளர் இடாப்பிற் பெயர் பதிவதையே கைவிட்டுள்ளனர். இது பிழை. அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரைப்படி, இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றமொன்றிற்காக ஆறு மாதத்திற்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்த நாளிலிருந்து ஏழாண்டுகள் வாக்காளராகும் தகைமையை இழக்கின்றார். நிபந்தனையற்ற மன்னிப்புக் கிடைப்பின் அந்நாளிலிருந்தே தடை நீங்கும். நிரபராதியென விடுவிக்கப்பட்டோர், வழக்கு மீளப் பெறப்பட்டோர், தீர்ப்பேதுமின்றிப் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து வந்தோர் ஆகியோருக்கு இத்தடை ஒருநாளும் இருந்ததில்லை. கிராம அலுவலர் படிவம் கொண்டுவரும்போது அவர்கள் தலைநிமிர்ந்து தம் பெயரை எழுதுவிக்கலாம்.

இனி, விடுதலைக்குப் பின்னரும் நீங்காத கண்காணிப்பு. புலனாய்வாளர் என்று சொல்லிக்கொண்டு சிலர் வீட்டுக்கு வருகின்றனர். எங்கே வேலை, யார் வருகின்றனர், தொலைபேசி இலக்கம் யாது எனக் கேட்கின்றனர். வேலை கொடுத்த முதலாளியிடமும் சென்று கேட்கின்றனர். மறுநாள் முதலாளி, “தம்பி, கொஞ்சக் காலம் வராமல் இரும்” என்கின்றார். எழுதப்பட்ட கட்டளை யாதும் இல்லை. ஆனால் வேலை போயிற்று. இவ்வாறு அடிப்படை உரிமை மீறப்பட்டதெனக் கருதுவோர் உயர் நீதிமன்றுக்குச் செல்லக்கூடிய காலம், 126ஆம் உறுப்புரைப்படி, ஒரு மாதம் மட்டுமே. கிளிநொச்சியில் நாட்கூலி செய்பவன் ஒரு மாதத்துட் கொழும்புக்குச் சென்று மனுத் தாக்கல் செய்வது நடக்கக்கூடிய காரியமா? ஆதலின் ஒன்றை மனத்திற் கொள்க. அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் கந்தோரில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதத்தில் எண்ணப்படாது. 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் தந்த இவ்வாய்ப்பை அறியாமையால் இழந்தோர் பலர்.

நம் வீட்டு வாசல்

இதுவரை அரசையும் சட்டத்தையும் பேசினேன். அவற்றைப் பேசுவது எளிது. இனிப் பேசப்போவது எளிதன்று.

1961இற் சத்தியாக்கிரகத்தை ஒடுக்கிய அரசு தமிழ்த் தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமிற் சில மாதங்கள் தடுத்துவைத்தது. அவர்கள் மீண்டபோது மாலையும் மேளமுமாக மக்கள் வரவேற்றதை மூத்தோர் இன்றும் சொல்வர். சிறை சென்றமை அன்று பெருமையாயிற்று. இன்று 10, 15, 20 ஆண்டுகள் சிறையிலிருந்து வருகின்ற கமக்காரன் மகனுக்கும் கடற்றொழிலாளி மகனுக்கும் விடுதலை நாளிலே ஒரு படம் எடுக்கின்றோம். படத்தில் நாமும் நிற்கின்றோம். அடுத்த நாள் அவன் யாரோ, நாம் யாரோ.

வெலிக்கடையில் 1983 யூலையில் 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர். 2000 ஒக்டோபரிற் பிந்துனுவெவவில், புனர்வாழ்வு முகாமென்று பெயரிட்ட இடத்திலேயே, இளைஞர் பலர் அடித்தும் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். அத்தகைய நாட்டில் ஒருவன் சிறை சென்று உயிரோடு திரும்புவதே பெரிது. திரும்பியவனுக்கு நாம் வைத்திருப்பது என்ன?

பெண் கேட்டுச் சென்றால், “நல்ல பொடியன்தான், ஆனால்” என்று தொடங்குகின்றோம். வேலை கேட்டு வந்தால், பொலிசாரின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கின்றோம். அரசு அவனை ‘முன்னாள் பயங்கரவாதி’ என்கின்றது, நாமோ, “எப்படி விட்டார்கள்? ஏதாவது ஒப்புக்கொண்டிருப்பானோ? அவர்களுக்குத் தகவல் கொடுக்கின்றானோ?” என்று காதோடு காது பேசுகின்றோம். இரு பக்கத்துச் சந்தேகத்திற்கும் நடுவில் அவன் வாய் திறவாதவனாகி விடுகின்றான். ஒருவன் வீட்டுக்குப் புலனாய்வாளர் வருவது அவன் அழைத்தா? வருகின்றவரைத் தடுக்க அவனால் இயலுமா? இதனைக்கூட எண்ணிப் பாராது பழி தூற்றுவது, படித்த ஊர் என்று பெருமை பேசும் நமக்கு அழகாகுமா?

பெண்களின் நிலை இன்னும் கொடிது. ஆண் மறியலிலிருந்து வந்தால் “பாவம், என்ன பட்டானோ” என்கின்ற வாய், பெண் வந்தால் வேறு கதை கட்டுகின்றது. போரிலே காலிழந்து, உடம்பிற் குண்டுச் சிதறல்களோடு, குழந்தையைத் தனியே வளர்க்கின்ற பெண்ணைச் சுபகாரியத்தில் முன்னே நிற்க விடாத வீடுகள் எத்தனை! அச்சிதறல்கள் இருப்பதால் வெயிலில் நின்று நாற்று நடவும் களை பிடுங்கவும் இயலாதவர் பலர். பார்த்தால் நல்ல சுகதேகி போலத் தோன்றுவார். “வேலைக்குக் கள்ளம்” என்கின்றோம்.

பிள்ளைகளையும் நோக்குக. தந்தை கைதானபோது தாயின் வயிற்றிலிருந்த பிள்ளை, அவர் திரும்பும்போது உயர்தரம் படிக்கின்றது. தந்தையை அது அறிந்தது கம்பிவலைக்கு அப்பாலிருந்து. வீட்டுத் திண்ணையில் அமர்ந்த அம்மனிதரை எப்படி அழைப்பதென்று அதற்குத் தெரியவில்லை. அவருக்கோ கைத்தொலைபேசியில் வரும் வங்கிச் செய்தியை வாசிக்கவும் பிள்ளையின் உதவி வேண்டியிருக்கின்றது. இந்த நாணத்தை எச்சட்டத்தாலும் போக்க இயலாது. அயலவர் இருவர் வந்து பேசிக்கொண்டிருந்தாலே பாதி போய்விடும்.

மறுப்புக்கு விடை

“இவர்களுட் சிலர் மெய்யாகவே தீங்கு செய்தவர்கள் அல்லரோ? அவர்களால் அழிந்த குடும்பங்களுக்கு யார் பதில்?” என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடையிறுக்க வேண்டும். ஆம், தீங்கு செய்தோரும் இருக்கலாம். அவர்கள் இருந்த இயக்கங்களாற் சிங்களரும் முஸ்லிம்களும் மட்டுமன்றித் தமிழரும் உயிரிழந்தனர். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டதை நாம் மறைத்துப் பேசினால், நம் நீதிக் குரலை யார் மதிப்பர்? பாதிக்கப்பட்டோர் எல்லோர்க்கும் உண்மையும் பரிகாரமும் உரியன.

ஆனால் தண்டனை என்பது அளவுடையது. அதன் அளவை நீதிமன்று நிர்ணயிக்கின்றது. நீதிமன்று 15 ஆண்டு என்றால் 15 ஆண்டே. அதற்கு மேல் ஒருநாள் கூட்ட முதலாளிக்கோ, சங்கத் தலைவருக்கோ, கோயில் தர்மகர்த்தாவுக்கோ அதிகாரமில்லை. இது களவுக்கோ அடிபிடிக்கோ தண்டிக்கப்பட்டு வந்தவனுக்கும் பொருந்தும். குற்றப்பணம் கட்ட வழியின்றி மறியல் சென்று வந்த ஏழைக்கும் பொருந்தும். வேலையும் வீடும் மறுக்கப்பட்டவன் எங்கே செல்வான்? அவனைத் தேடி வருவோர் போதைப்பொருள் விற்போரும் வட்டிக்காரரும் மட்டுமே என்ற நிலையை நாமே உண்டாக்கிவிட்டு, பின்னர் ஊர் கெட்டதென்று அழுவதிற் பயனில்லை.

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2015இல் ஏற்ற, நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய சிறைவிதிகள், கைதி விடுதலையாவதோடு சமூகத்தின் கடமை முடிவதில்லை என்று கூறுகின்றன. இங்கிலாந்து 1974இலேயே ஒரு சட்டமியற்றி, குறித்த காலம் நன்னடத்தையோடு வாழ்ந்தவரின் சிறிய தண்டனைகளைக் கழிந்தனவாகக் கருதச் செய்தது. எத்தனையோ சட்டங்களை அங்கிருந்து கொண்டுவந்த நாம் இதனை மட்டும் விட்டுவிட்டோம்.

இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1971 கிளர்ச்சியில் ஈடுபட்ட சிங்கள இளைஞர்களை விசாரிக்க 1972இற் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் சாதாரண சான்று விதிகளைத் தளர்த்திய சட்டமே. 1977இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ரோகண விஜேவீர முதலானோர் விடுதலையாயினர். 1982இல் அவர் சனாதிபதித் தேர்தலில் வேட்பாளராக நின்று மூன்றாமிடம் பெற்றார். பழைய தீர்ப்பு அவர் வழியை மறிக்கவில்லை. அக்கிளர்ச்சியிற் பங்குகொண்டு சிறையிருந்த விக்டர் ஐவன் பின்னாளில் ‘ராவய’ பத்திரிகையின் ஆசிரியராக நாடறிந்தார். அதன்பின் இரண்டாவது கிளர்ச்சியும் பேரழிவும் நேர்ந்தன என்பது மெய். ஆயினும் 2024இல் அக்கட்சியின் தலைவரே சனாதிபதியாகத் தெரிவானார். தென்னிலங்கையின் கிளர்ச்சியாளருக்குத் திறந்த கதவைத் திறக்கத் தெரிந்த நாட்டுக்கு, வடகிழக்கின் கதவைத் திறக்கத் தெரியாது என்று எவரும் சொல்லலாகாது.

செய்ய வேண்டுவன

அரசிடம் நாம் கேட்பன நான்கு. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விலக்குகளிற் சிறையையும் தடுப்புக் காவலையும் சேர்த்தல். நிரபராதியென விடுவிக்கப்பட்டோர்க்கு, சிறையிற் கழிந்த ஆண்டுகளுக்கு நட்டஈடு வழங்கச் சட்டமியற்றல். பழைய தண்டனையை ஆயுள் முழுவதும் சுமக்க விடாத சட்டமொன்றைக் கொண்டுவருதல். எழுத்திலான கட்டளையின்றி வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் சென்று விசாரிப்பதை நிறுத்துதல். இவற்றுக்காகப் பாராளுமன்றிற் குரல் கொடுப்பது நாம் தெரிந்தனுப்பியோரின் கடமை.

ஆனால் அரசு செய்யும் வரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. சட்டத்தரணிகளாகிய நாம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிரதேசந்தோறும் அமர்ந்து, விடுதலையாகி வந்தோரின் உறுதிகளையும் பத்திரங்களையும் கட்டணமின்றிப் பார்ப்போம். வைத்தியர்கள், சிதறல் தாங்கிய உடம்புகளுக்கு எவ்வேலை ஆகும், எது ஆகாதென எழுதிக் கொடுப்பராக. கூட்டுறவுச் சங்கங்கள் பிணைகாரர் இல்லாதோர்க்குச் சங்கமே பிணை நிற்கும் முறையை ஆராய்க. கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பங்கீட்டிலும் விதைநெல்லிலும் இவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளாதிருக்க. புலம்பெயர்ந்த உறவினர், விடுதலை நாளுக்கு அனுப்பும் பணத்தைவிட, அதன்பின் வரும் இரண்டு போகங்களுக்குத் துணை நிற்பதே பெரிதென உணர்க.

முதலிற் சொன்ன கதைக்கு மீள்கின்றேன். அவர் வாராது போன பின் பல நாட்கள் என் மனம் என்னைச் சும்மா விடவில்லை. கார்த்திகை மாதத்தில் நானே கிளிநொச்சிக்குச் சென்றேன். மழை நன்றாகப் பெய்திருந்தது. இரு மருங்கும் வயல்கள் பச்சை பிடித்திருந்தன. அவருடைய 2 ஏக்கர் மட்டும் புல் மூடிக் கிடந்தது. அவர் பரந்தனில் ஒரு கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போயிருந்தார். மாலை வரை காத்திருந்து, பத்திரத்தை வாங்கிக் கையொப்பமிட்டேன். அவர் நன்றி என்றார். “காலபோகம் போய்விட்டது ஐயா, சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டால் பார்ப்போம்” என்றார்.

14 ஆண்டுகளை அரசு எடுத்தது. பதினைந்தாம் ஆண்டின் காலபோகத்தை எடுத்தவன் நான். அதனை எந்த நீதிமன்றும் என்மீது குற்றமாகச் சுமத்தாது. ஆயினும் அந்தப் புல் மூடிய வயலைக் கண்ட பின், “கைதிகளை விடுதலை செய்க” என்று மேடையிற் கூவுமுன் என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கின்றேன். வாசகர்களும் கேட்டுக்கொள்க. நாளை உங்கள் படலையில் ஒருவர் வந்து நிற்கலாம். அவர் கேட்பது ஒரு கையொப்பமாக இருக்கலாம், ஒரு நாள் வேலையாக இருக்கலாம், ஒரு கோப்பைத் தேநீராகவும் இருக்கலாம். “அடுத்த கிழமை வாருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.